பழைய வண்டியும் பழகிய கைகளும்

இயந்திரங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவற்றைப் படைத்தவர்களோடு தொடங்கி, அவர்களோடே முடித்து விடுகின்றனர். எந்த ஆண்டில் எந்த ஆலையில் எத்தகைய வண்டி செய்யப்பட்டது, எந்தப் பந்தயத்தில் எந்த நிறுவனம் வாகை சூடியது என்பனவற்றோடு அவ்வரலாறு நிறைவடைகிறது. ஆலையின் வாயிலைக் கடந்த பின்னர் அவ்வியந்திரம் யார் கையில் வாழ்ந்தது, எத்தனை முறை பழுதுற்றது, யார் அதனைச் சீர்செய்தார், என்னென்ன மாற்றங்களை அது ஏற்றது என்பவை எழுதப்படுவதே இல்லை. ஒரு வண்டியைச் செய்து முடிக்க ஆலைக்குச் சிறிது பொழுது போதும். அவ்வண்டி ஐம்பது ஆண்டுகள் ஓட வேண்டுமாயின் ஒரு மனிதரின் வாழ்நாளிற் பெரும்பகுதி அதற்குத் துணை நிற்க வேண்டும்.

இவ்வுண்மையை விளக்குவதற்கு ஜப்பானிய மோட்டார் சைக்கிள்களைக் காட்டிலும் சிறந்த சான்று வேறில்லை எனலாம். 1950-களிலும் 60-களிலும் 70-களிலும் ஜப்பானில் உருவான வண்டிகள் பல, மலேசிய நாட்டின் சிற்றூர்ச் சாலைகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றைச் செய்தவர்கள் மறைந்துவிட்டனர். அவற்றுள் பலவற்றை முதலில் வாங்கியோரும் மறைந்துவிட்டனர். ஆயினும் வண்டிகள் ஓடுகின்றன. எவ்வாறு ஓடுகின்றன என்னும் வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாற்றத்திற் பிறந்த வண்டி

ஜப்பானிய மோட்டார் சைக்கிளின் பெருவளர்ச்சி புதியதொரு படைப்பிலிருந்து தொடங்கவில்லை. பழைய பொருளொன்றை மாற்றியமைத்ததிலிருந்து தொடங்கியது. 1945ஆம் ஆண்டு போர் முடிந்தபோது ஜப்பானிய நகரங்கள் பல சாம்பல் மேடுகளாகக் கிடந்தன. இரயில்களிலும் பேருந்துகளிலும் மக்கள் நெருக்கியடித்துப் பயணம் செய்தனர். உணவுப் பொருள் தேடி நாட்டுப்புறங்களுக்குச் செல்வோர் சைக்கிளை நம்பியிருந்தனர்.

அந்நிலையில், ஹமமட்சு நகரில் சொய்ச்சிரோ ஹோண்டா என்பார் 1946ஆம் ஆண்டு சிறியதொரு பட்டறையைத் தொடங்கினார். 1906ஆம் ஆண்டு கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்த அவர், போருக்கு முன்னர் பிஸ்டன் வளையம் செய்யும் தொழிலில் இறங்கியவர். அத்தொழிலில் அவர் முதலிற் கண்டது தோல்வியே. டொயோட்டா நிறுவனத்தின் சோதனைக்கு அளித்த 50 வளையங்களுள் மூன்று மட்டுமே தேறின. தம் குறை உலோகவியல் அறிவின்மையே என்றுணர்ந்த அவர், முப்பது வயதை எட்டிய நிலையில், தம்மினும் இளையோருடன் ஹமமட்சு தொழில்நுட்பக் கல்லூரியில் அமர்ந்து பாடம் கேட்டார். பட்டம் பெறாமலே வெளியேறினார். வளையம் செய்யும் முறையைக் கற்றுக்கொண்டே வெளியேறினார்.

போர் முடிந்தபின், படையினர் வானொலிக் கருவிகளுக்கு மின்சாரம் உண்டாக்கப் பயன்படுத்திய சிறு இயந்திரங்கள் கேட்பாரற்றுக் கிடந்தன. அவற்றுள் சுமார் 500 இயந்திரங்களைப் பெற்று, ஒவ்வொன்றையும் சைக்கிளில் பொருத்தி விற்கத் தொடங்கினார் ஹோண்டா. முதல் மாதிரி வண்டிக்குப் பெட்ரோல் கலமாக அமைந்தது, குளிர்காலத்தில் படுக்கையைச் சூடாக்க உதவும் வெந்நீர்க் கலமே. அவ்வண்டியை ஓட்டிப் பார்த்துக் குறை கூறியவர் அவர்தம் துணைவியார் சாச்சி அம்மையார். பெட்ரோல் தட்டுப்பாடு மிகுந்திருந்த அந்நாளில் பைன் மரத்திலிருந்து எடுத்த எண்ணெயையும் கலந்து அவ்வண்டிகளை ஓட்டினர். பின்னர் 1947ஆம் ஆண்டு ஹோண்டா தாமே செய்த இயந்திரத்தை, அது எழுப்பிய ஓசையைக் கொண்டே 'பத்தா பத்தா' என்று மக்கள் அழைத்தனர்.

ஆகவே, 'மாற்றியமைத்தல்' என்பது ஜப்பானிய மோட்டார் சைக்கிளுக்குப் பிற்காலத்தில் வந்து சேர்ந்த விளையாட்டன்று. அதன் பிறவிக் குணமே அதுதான். கையிலிருப்பதைக் கொண்டு தேவையை நிறைவு செய்தல் என்னும் பண்பு, அவ்வண்டியின் முதல் நாளிலேயே அதனுள் குடிபுகுந்துவிட்டது.

ஒரு கையால் ஓட்டும் வண்டி

1948ஆம் ஆண்டு ஹோண்டா நிறுவனம் முறையாக நிறுவப்பெற்றது. மறு ஆண்டு தக்கேயோ புஜிசாவா என்பார் அதில் இணைந்தார். ஹோண்டா இயந்திரத்தை நன்கறிந்தவர். புஜிசாவா மனிதரை நன்கறிந்தவர். இவ்விருவர் கூட்டுறவின் பெருங்கனியே 1958ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வெளிவந்த சூப்பர் கப் என்னும் வண்டியாகும்.

அவ்வண்டியின் அமைப்பு மிக நுட்பமானது. 49 சி.சி. கொள்ளளவுள்ள அதன் நால்வீச்சு இயந்திரம் 4.5 குதிரைத்திறன் தந்தது. அக்காலத்துச் சிறு வண்டிகள் பெரும்பாலும் பெட்ரோலுடன் எண்ணெய் கலந்து எரித்துப் புகை கக்கும் இருவீச்சு இயந்திரங்களையே கொண்டிருந்தன என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். காலைத் தூக்கிப் போடாமல் ஏறி அமரும் வண்ணம் நடுச்சட்டம் தாழ்த்தப்பட்டது. சேறும் காற்றும் காலைத் தாக்காதவாறு முன்புறம் பிளாஸ்டிக் காப்பு பொருத்தப்பட்டது. கரடுமுரடான சாலைகளிலும் தடுமாறாதவாறு 17 அங்குலச் சக்கரங்கள் அமைந்தன.

இவற்றினும் மேலானது அதன் 'கிளட்ச்' அமைப்பாகும். சோபா எனப்படும் நூடுல்ஸ் உணவைக் கடைகளிலிருந்து வீடுகளுக்குக் கொண்டு செல்லும் பணியாளர், ஒரு கையில் உணவுத் தட்டைத் தாங்கி மறு கையால் வண்டியைச் செலுத்த வேண்டும் என்பது புஜிசாவாவின் எண்ணம். எனவே இடக்கைப் பிடி நீக்கப்பட்டது. இயந்திரத்தின் சுழற்சி கூடும்போது கிளட்ச் தானே பற்றிக்கொள்ளும். குறையும்போது தானே விட்டுவிடும். மூன்று கியர்களையும் இடக்காலே மாற்றும். உணவு சுமக்கும் ஓர் எளிய தொழிலாளியை மனத்திற்கொண்டு வரையப்பட்ட இவ்வமைப்புத்தான் பின்னாளில் உலகையே வென்றது. 2017ஆம் ஆண்டில் இவ்வகை வண்டிகளின் உற்பத்தி பத்துக் கோடியைத் தொட்டது. எந்த ஒரு மோட்டார் வாகனமும் எய்தாத எண்ணிக்கை இது.

இருநூறு நால்வரான வரலாறு

1950-களில் ஜப்பானில் 200-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் மோட்டார் சைக்கிள் செய்தன. இறுதியில் நிலைத்து நின்றவை நான்கு. அவற்றுள் ஹோண்டா, சுசுகி, யமஹா ஆகிய மூன்றும் ஹமமட்சு வட்டாரத்தில் வேரூன்றியவை என்பது குறிப்பிடத்தக்கது. சுசுகி, 1909ஆம் ஆண்டு நெசவுத் தறி செய்யத் தொடங்கிய நிறுவனம். 1952ஆம் ஆண்டு சைக்கிளில் பொருத்தும் சிறு இயந்திரத்துடன் இத்துறைக்கு வந்தது. யமஹா, இசைக்கருவி செய்த நிறுவனத்தின் வழித்தோன்றல். 1955ஆம் ஆண்டு 'செந்தும்பி' எனப் பெயர் பெற்ற 125 சி.சி. வண்டியுடன் புறப்பட்டு, அதே ஆண்டில் அசாமா எரிமலைப் பந்தயத்தில் வென்றது. நான்காவதான கவாசாகியோ கப்பலும் வானூர்தியும் செய்த குடும்பத்தைச் சேர்ந்தது.

1959ஆம் ஆண்டு ஹோண்டா நிறுவனம் ஐரோப்பாவின் மான் தீவுப் பந்தயத்தில் முதன்முறையாகக் கலந்துகொண்டது. 1961ஆம் ஆண்டு அதே பந்தயத்தில் 125 சி.சி., 250 சி.சி. ஆகிய இரு பிரிவுகளிலும் வாகை சூடியது. 1969ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த சி.பி. 750 என்னும் நான்கு சிலிண்டர் வண்டியும், 1972ஆம் ஆண்டு வந்த கவாசாகியின் இசட்-1 வண்டியும் மேலைநாட்டுப் பெரும் வண்டிகளை நடுங்க வைத்தன.

சி.பி. 750 பற்றிய செய்தி ஒன்று ஈண்டு எண்ணத்தக்கது. அவ்வண்டி எந்த அளவுக்கு விற்குமென ஹோண்டா நிறுவனத்தாருக்கே உறுதி இல்லை. ஆதலால் இயந்திரக் கூட்டினை வார்க்க விலை மிகுந்த நிலையான அச்சுகளைச் செய்யாமல், தொடக்கத்தில் ஏறத்தாழ 7,400 வண்டிகளுக்கு மணல் வார்ப்பு முறையைக் கையாண்டனர். பழம்பொருள் திரட்டுவோர் இன்று பெருவிலை கொடுத்துத் தேடுவது அந்த மணல் வார்ப்பு வண்டிகளைத்தான். செய்தவர் ஐயத்தால் செய்தது, வைத்திருப்போர்க்குச் செல்வமாயிற்று. ஒரு பொருளின் மதிப்பை ஆலை மட்டுமே முடிவு செய்வதில்லை என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

கப்சாய் என்னும் பெயர்

மலாயாவுக்கு ஹோண்டா வண்டிகள் வந்த வரலாறு பினாங்கு நகரோடு பிணைந்தது. 1915ஆம் ஆண்டு சீன நாட்டின் பூக்கியென் மாநிலத்தில் பிறந்த லோ பூன் சியூ, பன்னிரண்டு வயதில் பினாங்குக்கு வந்து பட்டறையில் வேலை கற்றவர். பின்னர்ப் பேருந்துத் தொழிலில் முன்னேறிய அவர், 1950-களின் இறுதியில் ஜப்பான் சென்றபோது ஹோண்டாவின் சிறு வண்டிகளைக் கண்டார். அவற்றை மலாயாவில் விற்கும் உரிமையைப் பெற்றுத் திரும்பினார். 1995ஆம் ஆண்டு அவர் மறைந்தபோதும் ஹோண்டா என்றால் அவர் பெயரே மக்கள் நினைவுக்கு வந்தது.

'கப்' என்னும் ஆங்கிலப் பெயருடன், சிறியது என்று பொருள்படும் 'சாய்' என்னும் சீனச் சொல்லை ஒட்டி 'கப்சாய்' என்றனர் மக்கள். மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் அச்சொல்லைத் தத்தம் மொழியில் ஏற்றுக்கொண்டனர். ஜப்பானில் பிறந்து, ஆங்கிலப் பெயர் பூண்டு, சீன விகுதி ஏற்று, மலாய்ப் பேச்சில் நிலைபெற்ற அச்சொல்லே இந்நாட்டு வரலாற்றின் சுருக்கம் போல அமைந்துவிட்டது.

தோட்டப்புறத் தமிழர் வாழ்வில் இவ்வண்டி செய்த மாற்றம் சொல்லுந்தரமன்று. இரப்பர்த் தோட்டத்து மக்களின் உலகம் நெடுங்காலம் லயன் வீடு, வெட்டுமரம், பால் நிறுக்கும் கொட்டகை, கோயில், தோட்டப் பள்ளி என்னும் எல்லைக்குள் அடங்கியிருந்தது. பட்டணத்திற்குப் போக வேண்டுமாயின், செம்மண் சாலையில் நெடுந்தொலைவு நடந்தோ சைக்கிள் மிதித்தோ பெருஞ்சாலையை அடைந்து, பேருந்துக்குக் காத்திருக்க வேண்டும். நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் தோட்ட நிருவாகத்தின் வண்டியைத்தான் எதிர்பார்க்க வேண்டும்.

தவணை முறையில் பொருள் வாங்குவதை ஒழுங்குபடுத்திய சட்டம் 1967ஆம் ஆண்டு வந்தது. தவணைப் பணம் கட்டிச் சிறு வண்டி வாங்குவது கூலித் தொழிலாளிக்கும் மெல்ல மெல்லக் கைகூடிற்று. வாசலில் ஒரு வண்டி நின்றால், மருத்துவமனைக்கு யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. இடைநிலைப்பள்ளி தொலைவில் உள்ளதென்று பிள்ளையின் படிப்பை நிறுத்த வேண்டியதில்லை. மாலையில் பட்டணத்தில் வேறொரு வேலை பார்க்கலாம். வேறு தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ கூலி கூடுதலெனில் நேரிற் சென்று விசாரிக்கலாம். 49 சி.சி. இயந்திரமொன்று ஒரு குடும்பத்தின் எல்லைக்கோட்டை நகர்த்தி வைத்தது. எந்தச் சட்டமும் இத்துணை அமைதியாக அப்பணியைச் செய்ததில்லை.

நாட்டின் சாலை விதிகளும் இவ்வண்டிகளுக்கேற்ப மாறின. 1973ஆம் ஆண்டு தலைக்கவச விதிகள் வந்தன. கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள்களுக்கெனத் தனிப்பாதை 1970-களில் அமைந்தது.

கால் மில்லிமீட்டர்க் கணக்கு

வண்டியை வாங்குதல் ஒரு நாள் நிகழ்ச்சி. அதை வைத்திருத்தலோ அன்றாடப் பயிற்சி. ஜப்பானியச் சிறு வண்டிகள் நெடுநாள் உழைத்ததற்குக் காரணம் அவற்றின் உறுதி மட்டுமன்று. அவை மனிதக் கைகள் பழுதுபார்க்கத்தக்கனவாய் இருந்தமையுமாகும். ஒரு சில ஸ்பேனர்களும் திருகாணி முடுக்கியும் இருந்தால் மரநிழலிலேயே இயந்திரத்தின் தலைப்பகுதியைக் கழற்றிவிடலாம்.

இயந்திரத்தின் உள்ளே சிலிண்டர் என்னும் உருளைக் குழாயில் பிஸ்டன் மேலும் கீழும் ஓயாது இயங்குகிறது. பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடிய பின்னர்க் குழாயின் உட்சுவர் தேய்கிறது. தேய்ந்த இடைவெளி வழியே எண்ணெய் ஏறி எரிகிறது. வண்டி நீலப்புகை கக்குகிறது. மேட்டில் ஏறத் திணறுகிறது. அந்நிலையிலும் அவ்விரும்பு வீணாகிவிடுவதில்லை. கடைசல் பட்டறையில் குழாயின் உட்சுவரைச் சீராகக் கடைந்து, அதற்கேற்பச் சற்றுப் பெரிய பிஸ்டனையும் வளையங்களையும் பொருத்துவர். இதற்கெனவே 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீட்டர் என்னும் கூடுதல் அளவுகளில் பிஸ்டன்களை நிறுவனமே செய்து தந்தது. ஆக, ஒரு சிலிண்டர் நான்கு முறை மறுவாழ்வு பெறலாம். அதன் பின்னரும் புதிய உள்ளுறையை அழுத்திப் பொருத்திப் பழைய அளவிலிருந்தே மீண்டும் தொடங்கலாம்.

மரத்தின் வயதை அதன் உள்வளையங்கள் காட்டுவது போல, ஒரு பழைய வண்டி எத்தனை தலைமுறை உழைத்தது என்பதை அதன் பிஸ்டன் மீது பொறிக்கப்பட்ட எண் காட்டிவிடும். 0.75 என்றிருந்தால், மூன்று முறை அதன் உரிமையாளர் அதைக் கைவிட மறுத்திருக்கிறார் என்பது பொருள்.

மற்றொரு நுட்பமும் உண்டு. ஹோண்டாவின் 50, 65, 70 சி.சி. வண்டிகளில் பிற்காலத்து இயந்திரங்களைப் பார்த்தால், பிஸ்டன் நகரும் தொலைவு மூன்றிலும் 41.4 மில்லிமீட்டரே. குழாயின் விட்டம் மட்டும் 39, 44, 47 மில்லிமீட்டர் என விரிந்து செல்கிறது. ஒரே குடும்பத்து உடன்பிறப்புகள் போல ஒன்றின் பாகங்கள் பல மற்றொன்றுக்குப் பொருந்தின. பட்டறைக்காரர்கள் இதனை எந்த நூலிலும் படித்தறியவில்லை. கழற்றிக் கழற்றிக் கையால் அறிந்தனர். ஓடாத வண்டி ஒன்றின் உறுப்புகள் ஓடும் வண்டிகள் மூன்றுக்கு உயிர் கொடுத்தன.

பராமரிப்பு என்பது ஒரு வகை ஒழுக்கமும் ஆகும். சுமார் 0.8 லிட்டர் எண்ணெய் மட்டுமே கொள்ளும் சிறு இயந்திரம், எண்ணெய் மாற்றுவதைச் சிறிதும் தாமதிக்க விடாது. வால்வின் இடைவெளி 0.05 மில்லிமீட்டர், அது கூடினால் ஓசை எழும், குறைந்தால் வால்வு கருகும். சங்கிலி தளர்ந்தால் பல்சக்கரம் கூர்மையாகத் தேயும். சிறு கடமைகளைக் காலத்தில் செய்யாதவர்க்குப் பெருஞ்செலவு காத்திருக்கிறது என்னும் பாடத்தை அவ்வண்டி ஓசையின்றிக் கற்பித்தது. எழுத்தறியாத தொழிலாளியும் இயந்திரத்தின் ஓசையைக் கேட்டே 'டேப்பட் சத்தம் போடுகிறது' என்று நோயறிந்து கூறினார். அதுவும் ஒரு கல்வியே. அதற்குச் சான்றிதழ் வழங்கத்தான் எவரும் இல்லை.

தேவைக்கும் வேகத்திற்கும்

வண்டியை மாற்றியமைப்போரை இரு வகையினராகப் பிரிக்கலாம். தேவைக்காக மாற்றியமைப்போர் ஒரு வகையினர். பால்வாளி தொங்கவிட இருபுறமும் இரும்புக் கொக்கிகள். புல்லுக்கட்டு ஏற்றப் பின்புறம் அகன்ற சட்டம். தந்தைக்கு முன்னால் குழந்தை அமரச் சிறு இருக்கை. இவை எந்த விலைப்பட்டியலிலும் இல்லாதவை, பட்டறையில் பற்றவைக்கப்பட்டவை. செம்மண் மேடுகளில் சுமையுடன் ஏறுவதற்காகப் பின்சக்கரத்தின் பல்சக்கரத்தைப் பெரிதாக மாற்றியோரும் உண்டு. வேகம் குறையும், இழுவை கூடும். பழைய வண்டிகளின் ஆறு வோல்ட் மின்னமைப்பில், மெதுவாக ஓடும்போது விளக்கு மங்கிவிடும். விடியுமுன் காட்டு வழியே வேலைக்குச் செல்வோர்க்கு அது உயிர் பற்றிய செய்தி. ஆகவே பன்னிரண்டு வோல்ட்டாக மாற்றிக்கொண்டனர். இம்மாற்றங்கள் ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் தேவையை இரும்பில் எழுதி வைத்த ஏடாகும்.

வேகத்திற்காக மாற்றியமைப்போர் மற்றொரு வகையினர். இத்துறையின் முன்னோடி, 1922ஆம் ஆண்டு பிறந்த ஹிடேயோ யோஷிமுரா. போருக்குப்பின் புக்குவோக்கா வட்டாரத்தில் அமெரிக்கப் படைவீரர்களின் வண்டிகளைச் செப்பனிட்டுக் கொடுத்து, 1954ஆம் ஆண்டு சொந்தப் பட்டறை தொடங்கினார். நான்கு புகைக்குழாய்களை ஒன்றாக இணைக்கும் அமைப்பால் அவர் பெயர் உலகெங்கும் பரவியது. 1978ஆம் ஆண்டு சுசுக்கா திடலில் முதன்முதலாக நடைபெற்ற எட்டு மணிநேரப் பந்தயத்தில், பெரிய நிறுவனத்தின் அணியையும் பின்னுக்குத் தள்ளி யோஷிமுராவின் சுசுகி வண்டியே வென்றது. அறிவோடு செய்யும் மாற்றம் ஆலையையும் வெல்லும் என்பதற்கு அது சான்று.

ஆயினும் எல்லாரும் யோஷிமுரா ஆகிவிடுவதில்லை. மலேசியாவில் 1985ஆம் ஆண்டு அறிமுகமாகி 2011ஆம் ஆண்டு வரை விற்பனையான யமஹா ஆர்.எக்ஸ்.இசட். என்னும் 133 சி.சி. இருவீச்சு வண்டி இளைஞர் உள்ளங்களைக் கொள்ளை கொண்டது. அதன் ஓசையும் பாய்ச்சலும் ஒரு தலைமுறையின் இளமைக் கனவு எனலாம். அவ்வண்டியை அக்கறையோடு காத்து வருவோர் பலர். அதேபோது, புகைக்குழாயின் உள்ளடைப்பை அகற்றி ஊரை எழுப்புவதும், நிறுத்துவிசையை மாற்றாமல் வேகத்தை மட்டும் கூட்டுவதும், நள்ளிரவில் பொதுச்சாலையைப் பந்தயத்திடல் ஆக்குவதும் இந்நாடு கண்ட துயரங்களாகும். மலேசியச் சாலை இறப்புகளில் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிளோட்டிகளுடையவை. அவர்களுள் இளைஞர் எத்துணைப் பேர் என்பதை, பிள்ளையின் படத்திற்கு மாலையிட்ட வீடுகள் அறியும்.

1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம், பதிவு செய்யப்பட்ட வண்டியின் அமைப்பை மனம்போல் மாற்றுவதற்கு இடமளிப்பதில்லை. சட்டம் கூறுவதையே பழைய பட்டறைக்காரர் வேறு சொற்களிற் கூறுவர்: ஓடச் செய்வதற்கு முன் நிற்கச் செய். இயந்திரத்தைப் பெரிதாக்குவோன் முதலில் நிறுத்துவிசையையும் சக்கரத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அவ்வாறு எண்ணுகின்றவனே வண்டியை உண்மையாக அறிந்தவன்.

எது மீட்டெடுப்பு?

காலம் செல்லச் செல்ல, பழைய கப்சாயும் பழம்பொருள் ஆயிற்று. ஒரு காலத்தில் இரும்புக் கடைக்கு நிறுத்து விற்கப்பட்ட வண்டியை இன்று ஆவலுடன் தேடி வாங்குவோர் பலர். சாயம் நீக்கி, துரு அகற்றி, புதிய உறுப்புகள் வருவித்து, ஆலையிலிருந்து வெளிவந்த முதல் நாளில் எவ்வாறு இருந்ததோ அவ்வாறே ஆக்கி விடுகின்றனர். அவர்தம் உழைப்பு போற்றத்தக்கது. ஆலையின் படைப்பு எத்தகையதென்று பின்வருவோர் அறிய அத்தகைய வண்டிகள் தேவை.

ஆயினும் இதில் ஒரு வினா எழுகிறது. அவ்வாறு மீட்டெடுக்கும்போது முதலில் அறுத்தெறியப்படுவது எது? தொழிலாளி பற்றவைத்த பின்சட்டம். பால்வாளிக் கொக்கி. குழந்தையின் இருக்கை. கால் வைத்து வைத்துத் தேய்ந்த மிதிகட்டை. 'இவை ஆலையில் செய்தவை அல்ல. ஆகவே வேண்டா' என்பது தீர்ப்பு. அவ்வண்டி ஆலையில் இருந்தது ஒரு நாள். தோட்டத்தில் இருந்தது நாற்பது ஆண்டுகள். ஒரு நாளின் தோற்றத்தை மீட்பதற்காக நாற்பது ஆண்டுகளின் தடத்தை அழிப்பதை மீட்டெடுப்பு என்று கூறலாமா?

மலேசியத் தமிழர்க்கு இவ்வினா வெறும் அழகு பற்றியதன்று. இரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறின; பல துண்டாடப்பட்டன; பல நகர்களுக்கு இடம் தந்து மறைந்தன. 1995ஆம் ஆண்டு முதல் எழுந்த புத்ராஜெயா நகரம், பிராங் பெசார் என்னும் தோட்டம் இருந்த நிலத்தின் மீதே நிற்கிறது. லயன் வீடுகள் இடிந்தன. கோயில்களும் பள்ளிகளும் இடம் பெயர்ந்தன. தோட்டத்து மக்களின் வாழ்வைச் சொல்லும் பொருள்கள் அருகிவிட்டன. பால் வெட்டும் கத்தி, மங்குக் கோப்பை, பழைய நிழற்படம் சில. இவற்றோடு, வீட்டின் பின்புறம் சாக்கு மூடிக் கிடக்கும் ஒரு கப்சாய்.

அதன் எண் பலகையிலுள்ள முதலெழுத்தே அது எந்த மாநிலத்தில் பிறந்த குடும்பத்துடையது என்று சொல்லும். 'ஏ' என்றால் பேராக். 'கே' என்றால் கெடா. 'பி' என்றால் சிலாங்கூர். பதிவு ஏட்டில் தந்தையின் பெயர் இருக்கும். தவணை கட்டி முடித்த நாளை அன்னையார் நினைவிலிருந்து கூறுவார். அவ்வண்டியின் துரு படிந்த கொக்கி ஒன்றில், எழுதப்படாத ஒரு தோட்டத்தின் வரலாறு தொங்கிக்கொண்டிருக்கிறது.

எனவே பழைய வண்டிகளைக் காப்போர் சில முறைகளைக் கைக்கொள்வது நன்று. எதனையும் அகற்றுமுன் வண்டியை எல்லாப் பக்கங்களிலும் படமெடுத்து வைத்தல் வேண்டும். ஒவ்வொரு மாற்றத்தையும் யார், எங்கு, எதற்காகச் செய்தார் என்பதை முதியோரிடம் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதுதல் வேண்டும். அகற்றிய உறுப்பை எறியாது, சீட்டெழுதிக் கட்டிப் பேணுதல் வேண்டும். ஓட்டுவதற்குத் தேவையானதைப் புதுப்பிக்கலாம். நினைவைத் தாங்குவதை நிறுத்தி வைக்கலாம். நிறுத்துவிசை, சக்கரம், விளக்கு ஆகியவற்றில் மட்டும் பழமைக்கு இடமளித்தல் ஆகாது. ஓட்டுபவரின் உயிரைவிடப் பழம்பொருள் பெரிதன்று.

ஓசை அடங்குமுன்

ஜப்பான் நாட்டில் புதிய புகைக் கட்டுப்பாடுகளின் காரணமாக, 50 சி.சி. சூப்பர் கப் வண்டியின் உற்பத்தி 2025ஆம் ஆண்டு மே மாதத்தோடு முடிவுற்றது. 1958இல் தொடங்கிய 49 சி.சி. வரலாற்றின் ஓர் இயல் அத்துடன் நிறைவு பெற்றது. பெரிய இயந்திரம் கொண்ட கப் வண்டிகள் தொடர்கின்றன. மின்சார வண்டிகளும் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றின் வரவு நல்வரவே. ஆயினும் அடைத்து முத்திரையிட்ட பெட்டிக்குள் இயங்கும் வண்டியை மரநிழலில் அமர்ந்து கழற்றிப் பார்க்க இயலாது. கழற்றிப் பார்க்க இயலாததை முழுமையாகத் தனதாக்கிக்கொள்வதும் எளிதன்று.

வெந்நீர்க் கலத்தைப் பெட்ரோல் கலமாக்கிய ஹமமட்சுப் பட்டறையும், பால்வாளிக்குக் கொக்கி பற்றவைத்த தோட்டப்புறப் பட்டறையும் ஒரே மரபைச் சேர்ந்தவை. முன்னதன் வரலாறு காட்சியகங்களில் கண்ணாடிப் பேழைக்குள் போற்றப்படுகிறது. பின்னதன் வரலாறோ பழைய சாக்கின் கீழ்த் துருவேறுகிறது. அந்தச் சாக்கை விலக்கி, வண்டியைத் துடைத்து, அதன் கதையைக் கேட்டெழுத வேண்டிய பொறுப்பு அவ்வண்டியில் முன்னிருக்கையில் அமர்ந்து பள்ளிக்குச் சென்ற பிள்ளைகளுடையது. அவர்களுக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது.